தனியா காசு கட்டி பேக்கிங் பண்ண சொன்னேன், தையல் மெஷின் உடைஞ்சு போய் சேர்ந்துச்சு

அம்மா 20 வருஷத்துக்கு மேல தச்ச மெஷின், ஸ்டாண்ட் இல்லாம தலை மட்டும், 12 கிலோ கிட்ட வரும், அக்கா ஆசையா கேட்டாங்கன்னு கூரியர்ல அனுப்பினேன். கவுண்டர்லயே "பேக்கிங் நாங்க பக்காவா பண்ணிடுவோம் சார், நீங்க கெளம்புங்க"ன்னு சொன்னாங்க, நானும் தனியா காசு கட்டி ஒப்படைச்சிட்டு வந்துட்டேன். கூடவே நின்னு பாத்திருக்கணும்.

அக்கா பெட்டிய பிரிச்சு வீடியோ கால்ல காட்டினப்ப வயிறு எரிஞ்சு போச்சு. ஒத்தை அடுக்கு அட்டைப்பெட்டி, மெஷின சுத்தி ஒரே ஒரு சுத்து பபிள் ரேப், மிச்ச இடத்துக்கு நியூஸ்பேப்பர கசக்கி போட்டிருக்காங்க, அது வழியிலயே நசுங்கி தட்டையாகி மெஷின் உள்ளுக்குள்ளயே இடிச்சுகிட்டே போயிருக்கு. கை சக்கரம் ரெண்டு துண்டு, அடிப்பலகைல ஒரு மூலை பேந்து தனியா கிடக்கு, உடைஞ்ச இடம் சாம்பல் கலர்ல சொரசொரன்னு தெரியுது. வார்ப்பிரும்பு வளைஞ்சு குடுக்காது, அடி வாங்குனா உடையத்தான் செய்யும். ஊசியக்கூட கழட்டல.

நாலு பக்கமும் 'ஃப்ராஜைல்' ஸ்டிக்கர் இருந்துச்சு, தயவுசெஞ்சு அத நம்பாதீங்க, பெட்டி போறது கன்வேயர் பெல்ட்லயும் மத்த பெட்டிங்களுக்கு அடியிலயும்தான். பேக்கிங் தாங்குமான்னு பாக்கற இஸ்டா 1ஏ டெஸ்ட்ல 10 கிலோவுக்குள்ள இருக்கற பெட்டிய 76 சென்டிமீட்டர் உயரத்துலருந்து மூலை, விளிம்பு, பக்கம்னு 10 தடவ போடுவாங்க, அப்ப கீழ விழுறது சகஜம்னு வெச்சுதான் கட்டணும்.

க்ளெய்ம் போட்டதுக்கு "பேக்கிங் போதுமானதா இல்ல, இழப்பீடு கிடையாது"ன்னு மெயில்! கட்டினதே நீங்கதானேன்னு கேட்டா பில்ல பாருங்கன்றாங்க, அதுல மொத்தமா ஒரே தொகை, பேக்கிங்னு ஒரு வார்த்தை இல்ல. பொருளோட மதிப்பு எழுதற கட்டமும் காலி, நானும் கவனிக்கல, அதையும் சொல்லி கைய விரிச்சிட்டாங்க. அதனால பேக்கிங் சார்ஜ பில்லுல தனி வரியா எழுதி வாங்குங்க, மதிப்ப நீங்களே எழுதுங்க, உங்க பொருளுக்கு அவங்க இன்சூரன்ஸ் செல்லுமான்னு கேளுங்க (கண்ணாடி, பீங்கான் மாதிரி சாமானுக்கு பல பேர் தரமாட்டாங்க), மூடறதுக்கு முன்னாடி உள்ள எப்படி இருக்குன்னு போட்டோ எடுத்துக்கங்க.

அப்புறமா மெஷின் ரிப்பேர் பாக்கற ஒரு அண்ணன் சொன்னாரு, சக்கரம், ஊசி, பாபின் கேஸ், நூல்கண்டு கம்பி எல்லாம் கழட்டி தனித்தனியா சுத்தணும், மெஷின பபிள் ரேப்ல நாலஞ்சு சுத்து சுத்தி சின்ன பெட்டில ஆடாம இறுக்கி, அத இன்னொரு பெரிய டபுள் வால் (ரெட்டை அடுக்கு அட்டை) பெட்டில சுத்தியும் மேலயும் கீழயும் 5 சென்டிமீட்டருக்கு குறையாம கெட்டியான தெர்மாகோல் குடுத்து வெக்கணுமாம். டேப் நடுவுல மட்டும் ஒட்டாம ரெண்டு ஓரத்துலயும் சேத்து ஒட்டணும். தூக்கி ஆட்டுனா உள்ள எதுவும் நகரவே கூடாது, நகந்தா பிரிச்சு மறுபடி கட்டுங்க.

சக்கரம் வேற வாங்கி மாட்டிடலாமாம், பேந்து போன அந்த மூலைக்குத்தான் வழி தெரியல. பழைய மெஷினோட வார்ப்பிரும்பு அடிப்பலகைய யாராவது வெல்டிங் பண்ணி சரி பண்ணியிருந்தா, நின்னுச்சான்னு சொல்லுங்க ப்ளீஸ்.