ராஃபிள்ஸ் இறங்கிய துறை: வெள்ளைச் சிலையோடு திரும்பிவிடாதீர்கள்

1819-ல் சிங்கப்பூரில் வந்திறங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸுக்கு இங்கே ஆற்றங்கரையில் இரண்டு சிலைகள். இரண்டிலும் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கும் அதே தோற்றம்தான். கூட்டம் மொய்ப்பது வெள்ளைச் சிலையை. பின்னால் ஆறு, அதற்குப் பின்னால் வானளாவிய வங்கிக் கட்டடங்கள் என்று படம் எடுப்பாக விழுவதால் அப்படி. ஆனால் அது நகல். மூலச் சிலையிலிருந்து அச்செடுத்து, பளிங்குத்தூளும் பிசினும் சேர்ந்த கலவையில் வார்த்து, அவர் இறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தில் 1972-ல் நிறுத்தினார்கள். மூலம், தாமஸ் வூல்னர் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்து 1887-ல் திறக்கப்பட்ட வெண்கலச் சிலை. அது சில நிமிட நடைதூரத்தில், விக்டோரியா அரங்கின் மணிக்கூண்டுக்கு முன்னால் கறுத்துப்போய் நிற்கிறது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கறுப்பைப் பாருங்கள்.

நகரம் பிறந்த நாளோடு நேரடித் தொடர்பு உள்ளதும் அதற்குத்தான். முதலில் அது பாடாங் திடலில் நின்றது. கால்பந்து வந்து மோதும். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் பீடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். நகரின் நூற்றாண்டை ஒட்டி 1919 பிப்ரவரி 6 அன்று, அரைவட்டத் தூண்வரிசையும் நீர்த்தொட்டியும் அமைத்து, இப்போதைய இடத்தில் வைத்தார்கள். ஜப்பானியர் 1942-ல் அதை எடுத்து அருங்காட்சியகத்தில் போட்டார்கள். 1946-ல் பழைய இடத்துக்கே திரும்பியது. தூண்வரிசை இன்று இல்லை. பழைய அஞ்சலட்டைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தேடி அலைய வேண்டாம்.

தேதிக் குழப்பம் ஒன்று பலரையும் தடுமாற வைக்கும். வெள்ளைச் சிலையின் பீடம் 1819 ஜனவரி 28 என்கிறது; நூற்றாண்டு விழாவோ பிப்ரவரி 6-ல் நடந்தது. முன்னது ராஃபிள்ஸின் கப்பல்கள் வந்து சேர்ந்த நாள். பின்னது ஜொகூர் சுல்தான் ஹுசேனோடும், தெமெங்கோங் என்ற பட்டமுள்ள உள்ளூர் மலாய்த் தலைவர் அப்துல் ரஹ்மானோடும் உடன்படிக்கை கையெழுத்தான நாள். கம்பெனிக்கு இங்கே பண்டகசாலை வைத்துக்கொள்ள உரிமை; அதற்கு ஈடாகச் சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், தெமெங்கோங்குக்கு 3,000. ஊர் பிறந்த நாள் என்று சொல்ல இதுவே பொருத்தம். கரையேறியதை மட்டும் கொண்டாடினால், கையெழுத்திட்ட மற்ற இருவரும் கதையிலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.

வெள்ளைச் சிலையில் பெரிய குறையும் அங்கேதான். பீடத்தின் நான்கு பக்கமும் நான்கு ஆட்சிமொழிகளில் வாசகம், தமிழும் உண்டு. யாரும் அறியாத மீனவ ஊரைத் தம் மதிநுட்பத்தால் மாபெரும் துறைமுகமாக்கியவர் ராஃபிள்ஸ் என்பது அதன் சாரம். அதே கரையின் மண் வேறு கணக்குச் சொல்கிறது. 1984 முதல் ஃபோர்ட் கேனிங் குன்றிலும், 2015-ல் இதோ இந்த விக்டோரியா அரங்கின் முன்னாலும் தோண்டியதில் 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள் குவியலாகக் கிடைத்தன. ராஃபிள்ஸ் வருவதற்கு ஐந்து நூற்றாண்டு முன்பே இங்கே வணிகம் நடந்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய வாசகம் என்று மனதில் வைத்துக்கொண்டு படித்தால் சரி; வரலாறாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்.

2019-ல் இருநூற்றாண்டு வந்தபோது இந்தத் தர்மசங்கடத்தை நன்றாகவே கையாண்டார்கள். முதலில் வெள்ளைச் சிலைமேல் வண்ணம் பூசி, பின்னாலிருக்கும் கட்டடத்தோடு கரைந்து மறைவதுபோலக் கண்கட்டு வித்தை. பிறகு பக்கத்தில் நால்வரின் சிலைகள்: பழங்கதைகள் சிங்கப்பூரை நிறுவியவராகச் சொல்லும் இளவரசர் சாங் நீல உத்தமா, ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா, கொடைவள்ளலான சீன வணிகர் டான் டோக் செங், நாராயண பிள்ளை. கடைசிப் பெயர் நமக்கு முக்கியம். பினாங்கிலிருந்து 1819 மே மாதம் ராஃபிள்ஸின் கப்பலிலேயே வந்தவர். செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார், கடை தீயில் போனது, மறுபடி எழுந்தார். அந்த நால்வரும் தற்காலிக ஏற்பாடுதான்; அவர்களைத் தேடிப் போகாதீர்கள். நிரந்தரமாக வைத்திருக்கலாம் என்பதே எங்கள் கட்சி.

போகும் வழி: ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி எச் வாயிலில் ஏறுங்கள். நிலையத்தின் பெயரைப் பார்த்துச் சிலை அங்கேயே இருக்கும் என்று தேடுகிறவர்கள் உண்டு; அங்கே சிலை கிடையாது. ஆற்றுப் பக்கம் நடந்து, 1869-ல் கட்டிய கெவனா பாலத்தைக் கடந்தால் எம்பிரஸ் பிளேஸ். பாலம் இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். மாடு, குதிரைக்கு அனுமதியில்லை என்ற பழைய அறிவிப்பு இன்னும் இருக்கிறது, படிக்காமல் போகாதீர்கள். பாலம் தாண்டி முதலில் வெண்கலம், பிறகு ஆசிய நாகரிக அரும்பொருளகத்தைச் சுற்றிக்கொண்டு வெள்ளை.

காலையில் போவது நல்லது. வெள்ளைச் சிலை ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்பதால், பிற்பகலில் வெயில் பின்னாலிருந்து அடித்து முகம் இருண்டுவிடும். நேர் வெயிலிலோ வெள்ளை கண்ணைக் கூசும், கைப்பேசிப் படத்தில் மூக்கும் வாயும் அழிந்துபோகும். திரையில் சிலையின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு எடுங்கள். நிழல் குறைவு, குடை அவசியம். கழிப்பறைக்கும் குளிர்ச்சிக்கும் பக்கத்து அரும்பொருளகம் இருக்கிறது. இரண்டு சிலைக்கும் கட்டணமில்லை. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள், சுற்றுச்சாலைகளை அடைத்துவிடுவார்கள்.

வந்ததற்கு இன்னும் இரண்டு. ஒன்று, எம்பிரஸ் பிளேஸில் உள்ள டல்ஹௌசி நினைவுத் தூண். இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1850-ல் வந்து போனதற்காக எழுப்பியது. ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) ஆகியவற்றோடு தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். ஆட்சிமொழி என்ற பேச்சே இல்லாத காலத்தில் இந்த ஊரில் தமிழுக்கு இருந்த இடம் அந்தக் கல்லில் தெரியும். இன்னொன்று, பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நிற்கும் வெண்கல யானை. சயாம் மன்னர் சூலலங்கோர்ன் 1871-ல் வந்துபோனதன் நினைவாகத் தந்தது. சின்ன யானைதான், இரண்டு நிமிடம் போதும்.

எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். அதன் பிறகு எல்ஜின் பாலம் தாண்டி சவுத் பிரிட்ஜ் சாலையில் கால் மணி நேரம் நடந்தால், நாராயண பிள்ளை 1827-ல் மரமும் அத்தாப்புக் கீற்றுமாகத் தொடங்கிய மாரியம்மன் கோயில். நண்பகல் 12-க்கு நடை சாத்தி மாலை 6-க்குத்தான் திறப்பார்கள். ஆகவே ஆற்றங்கரையிலிருந்து பதினொன்றுக்குள் கிளம்பிவிடுங்கள்.