1,500 ரூபாய்க்குள் ஒரு புல்லாங்குழல்: திருவிழா, கடை, பிவிசி, செய்பவர் வீடு

நாற்பத்து மூன்று வயதில் புல்லாங்குழல் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். வீட்டில் அனுமதி கிடைத்த தொகை 1,500 ரூபாய். "முதல்ல மூணு மாசம் தாக்குப்பிடிங்க, அப்புறம் பெருசா வாங்கலாம்" என்பது மனைவியின் நிபந்தனை. ஒரு குழல் வாங்கக் கிளம்பியவன், ஒன்றரை வருடத்தில் மூன்று குழல்களை விலைக்கும் ஒன்றை இரவலாகவும் வாங்கியிருந்தேன். 120, 450, 1,300: கூட்டினால் 1,870. நேராகக் கடைசிக் குழலுக்கே போயிருந்தால் 1,500-இல் 200 ரூபாய் மிச்சம் பிடித்திருப்பேன். காசைவிடப் பெரிய நஷ்டமும் ஒன்று இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சீக்கிரம் சொல்லி முடிக்கக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்நாடக சங்கீதம் கற்பவர்களுக்கு எட்டு விரல் துளைகள் உள்ள குழல் வேண்டும். புல்லாங்குழல் கலைஞர் மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) பரவலாக்கிய விரல் முறைதான் இன்று பெரும்பாலான வகுப்புகளில் ஓடுகிறது. அதில் மேலே இரண்டு துளைகளை மூடினால் ஸ. வடக்கத்திப் பான்சுரியில் துளைகள் ஆறு, மூன்றை மூடினால்தான் ஸ. இணையத்தில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஆறு துளைக் குழல்கள். படத்தில் துளைகளை எண்ணாமல் பணம் கட்டிவிட்டு, "இதுல ரெண்டு துளை கம்மியா இருக்கே சார்" என்று வகுப்பில் நிற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். கட்டையில் (சுருதியின் அளவில்) ஐந்து போதும். ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை நீளக் குழல்களின் கனத்த நாதத்தில் மயங்காதவர் இல்லைதான், ஆனால் புதியவரின் விரல் அந்த இடைவெளிக்கு எட்டாது. துளை சரியாக மூடாமல் காற்றுதான் வரும்.

அலுவலக நண்பர் ஒருவர், "மூங்கில் எதுக்கு, மரத்துல வாங்கு, உழைக்கும்" என்றார். கருமரத்தில் கடைந்த குழல்கள் அயர்லாந்து நாட்டுப்புற இசைக்காரர்களிடம் உண்டு. அவற்றின் துளை அமைப்பே வேறு, நல்லதாக வாங்க வேண்டுமென்றால் விலையும் பல ஆயிரம். நம்முடையதற்குப் பேரிலேயே புல் இருக்கிறது. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்பது தமிழின் பழைய கணக்கு, தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. மூங்கிலின் வெளிப்புறம் இறுகியும் உட்புறம் மெத்தென்றும் இருப்பதை நினைவில் வையுங்கள். விரிசல் கதைக்குத் தேவைப்படும்.

சரி, குழல்களுக்கு வருவோம்.

முதல் குழல் எங்கள் பெங்களூரின் பசவனகுடி கடலேக்காய் பரிஷேயில் வாங்கியது. கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி நடக்கும் அந்த நிலக்கடலைத் திருவிழாவில், குச்சி மரத்தில் குழல்களைச் செருகிக்கொண்டு ஒருவர் பழைய சினிமாப் பாட்டை அழகாக வாசித்தபடி வந்தார். நீங்கள் வாசிப்பதையே கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வேறொன்றை உருவிக் கொடுத்தார். 120 ரூபாய். ஊதினால் சத்தம் வரும், ஸ்வரம் வராது. குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக வாங்கலாம், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பிவிசி குழல் இரவல். எங்கள் ஆசிரியர் மழைக்காலப் பயணங்களுக்காக வைத்திருப்பது. தண்ணீர்க் குழாயில் துளை போட்டதுதானே என்று இளக்காரமாக நினைத்தேன். ஊதிப் பார்த்ததும் வாயடைத்துப்போனேன், சுருதி அவ்வளவு சுத்தம். குழாயின் விட்டம் நெடுகிலும் ஒரே அளவு என்பதால், ஒருமுறை கணக்குச் சரியாக அமைந்துவிட்டால் அடுத்த குழலிலும் அதே கணக்கு அப்படியே வேலை செய்யும். மூங்கிலில் அது நடக்காது. ஒவ்வொரு கணுவிடையும் ஒவ்வொரு சுற்றளவு, சுவரின் தடிமனும் வேறு. பிவிசி வெடிக்காது, எண்ணெய் கேட்காது, வெந்நீரில் மட்டும் கழுவக்கூடாது. நாதம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது, உதட்டில் வழுக்கியது. ஆனால் என்னிடம் இருந்தது இரண்டே வாரம். வருடக்கணக்கில் வாசித்தால் கை என்ன சொல்லும் என்பதற்கு என் சாட்சி செல்லாது. 1,500-ம் இல்லை, 500-தான் இருக்கிறது என்பவருக்கு, கடையில் கிடைக்கும் சாதாரண மூங்கிலைவிட நல்ல ஆள் செய்த பிவிசியைத்தான் சொல்வேன்.

உண்மையான போட்டி கடைக் குழலுக்கும் செய்பவரிடமே வாங்கும் குழலுக்கும் இடையில்தான். கடைக் குழல் பளேபேட்டையில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டுத் துளை, ஐந்து கட்டை என்று மேலே எழுதியிருந்தது, பார்க்கவும் லட்சணம். மற்றது ஒரு மே மாதம் சென்னைக்குப் போனபோது, செய்பவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 1,300 ரூபாய்க்கு வாங்கியது. பார்வைக்குக் கடைக் குழல்தான் மினுமினுப்பு, வீட்டுக் குழலில் சூட்டுக் கம்பி பட்ட கருகல்கூட அங்கங்கே தெரியும்.

வீணைக்குத் தந்தியை முறுக்கும் பிரடை இருக்கிறது. மிருதங்கக்காரர் கல்லால் தட்டிச் சேர்த்துக்கொள்வார். குழலில் சேர்ப்பதற்கு ஒன்றும் கிடையாது, துளை போட்ட இடத்தில் போட்டதுதான். துளையை அரம் வைத்துக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஸ்வரம் ஏறும், ஓரத்தில் மெழுகு அப்பினால் இறங்கும். இது செய்பவரின் கைவேலை, கச்சேரிக்கு முன்னால் நாம் செய்கிற வேலை இல்லை. ஆகவே 1,500 ரூபாயில் நீங்கள் வாங்குவது மூங்கிலையா, ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு துளையாகச் சரிபார்த்த நேரத்தையா என்பதுதான் கேள்வி. கடைக் குழலுக்கும் வீட்டுக் குழலுக்கும் உள்ள 850 ரூபாய் வித்தியாசம் முழுக்க அந்த நேரத்துக்கானது.

சுருதியை அளந்து காட்டும் ட்யூனர் ஆப் இருக்கிறதே, கடையிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் போனேன். சிக்கல் என்னவென்றால், குழலில் அழுத்தி ஊதினால் ஸ்வரம் ஏறும், குழலை உதட்டுப் பக்கம் உருட்டினால் இறங்கும். புதியவர் வாயில் அதே துளை இருபது முப்பது சென்ட் இப்படியும் அப்படியும் ஆடும் (அரை ஸ்வர இடைவெளிக்கு நூறு சென்ட்). முள் விலகி நின்றால் தவறு குழலிலா, வாயிலா? பத்து வருடம் வாசித்தவருக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. வாய்தான் தவறு என்று அடக்கமாக முடிவுகட்டி 450 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் மூன்று மாதம் வகுப்பு வீடியோ காலில். ஆசிரியர் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் தைவதம் (த) வரும்போதெல்லாம் "ஏறுது, ஏறுது" என்பார். நானும் குழலை உள்ளே உருட்டி உருட்டி ஒருவழியாக இறக்கிப் பழகினேன். அவர் பெங்களூர் திரும்பி, மல்லேஸ்வரத்தில் நேரில் உட்கார்ந்த முதல் நாள், என் குழலை வாங்கி ஒரு தரம் மேலும் கீழும் ஊதினார். கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, இதை வச்சுக்கிட்டா மூணு மாசம் அழுதே?"

தைவதத்தைத் தரும் துளையே முப்பது சென்ட் ஏற்றமாக இருந்தது. அவரே தேன்மெழுகை உருட்டித் துளையின் ஓரத்தில் அப்பி, முக்கால்வாசி சரிசெய்தார். கதை அங்கே முடியவில்லை. சென்னையிலிருந்து நல்ல குழல் வந்த பிறகு என் தைவதம் இறங்கி ஒலிக்க ஆரம்பித்தது! குழல் மாறிவிட்டது, உதடு மாறவில்லை. அந்த உருட்டலை மறக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. 450 ரூபாய்க் குழலின் விலையில் இதையும் சேர்க்க வேண்டும்.

செய்பவரிடம் என்ன வித்தியாசம் என்றால், அவர் முதலில் என்னை ஊதச் சொல்லவில்லை. அவரே சுருதிப்பெட்டியைப் போட்டு நான்கு குழல்களை ஊதிக் காட்டினார், இரண்டைத் தானே ஒதுக்கி வைத்தார். நான் கவனித்தது மூன்று விஷயம். மத்ய ஸ்தாயி ஸ, அதே விரலில் மேல் ஸ்தாயி ஸ, இரண்டும் ஒட்டி நிற்கின்றனவா? நிற்காவிட்டால் ஊதும் துளைக்கு அருகில் உள்ள அடைப்பின் இடம் தப்பு. அது கார்க்காக இருந்தால் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம், மூங்கிலின் கணுவே அடைப்பாக இருந்தால் வழியில்லை. இரண்டாவது பஞ்சமம் (ப). சுருதிப்பெட்டியோடு கரைந்து போக வேண்டும், அலையடிக்கக்கூடாது. மூன்றாவது காந்தாரம் (க), இங்கே ட்யூனரை நம்பிப் பயப்படாதீர்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் வரும் அந்தர காந்தாரம் தம்புராவோடு சுத்தமாகச் சேரும்போது, ஆப் அதைச் சுமார் 14 சென்ட் குறைவு என்று காட்டும். ஆப்பின் கணக்கு பியானோவுடையது.

பெங்களூர்வாசிகளுக்கென்று தனியாக ஒன்று. சென்னை மே மாத வெயிலில் ஐந்து கட்டைக்குச் சரியாக நின்ற குழல், இங்கே டிசம்பர் காலை ஆறு மணிக்கு இறங்கி நின்றது. பதறிப்போய் ஆசிரியருக்குப் போன் செய்தேன். காற்று குளிர்ந்தால் குழலின் ஸ்வரம் இறங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சென்ட். சென்னையின் 33 டிகிரிக்கும் நம்முடைய 18 டிகிரிக்கும் கணக்குப் போட்டால் 45 வருகிறது. நம் மூச்சு உள்ளே சூடேற்றுவதால் அவ்வளவு இறங்காது, எனக்கு இருபது போல இறங்கியது. ஐந்து நிமிடம் ஊதியதும் பாதி சரியானது, மீதிக்குச் சுருதிப்பெட்டியை ஒரு பொடி இறக்கி வைத்துக்கொண்டேன். குழல் முழுசாக இறங்கினால் இப்படிச் சமாளித்துவிடலாம். ஒரே ஒரு துளை மட்டும் விலகி நின்றால் எந்தத் திருகாணியும் உதவாது. கடையில் "இது சரியா அஞ்சு கட்டை சார்" என்று அழுத்திச் சொல்வார்கள். அதைவிட, ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று சரியாக நிற்கின்றனவா என்பதையே பாருங்கள்.

பராமரிப்பில் இரண்டு மூங்கிலும் ஒன்றுதான். மூச்சின் ஈரத்தில் உட்புறம் ஊறும், இறுகிய வெளிப்புறம் காய்ந்து கிடக்கும், இழுபறியில் நீளவாட்டில் பிளக்கும். வாசித்ததும் மெல்லிய துணியை விட்டுத் துடைக்க வேண்டும், மாதம் ஒருமுறை உள்ளே லேசாக எண்ணெய், ஏசி காற்றுக்கு நேரே வைக்கக்கூடாது. சென்னைக் குழலில் நான்கு இடத்தில் நூல்கட்டு உண்டு, கடைக் குழலில் ஒன்றுகூட இல்லை. ஒரு மார்ச் மாத மதியம் கடைக் குழலைக் காரிலேயே மறந்துவிட்டேன். மாலையில் நகக்கண் நுழையும் அளவுக்கு விரிசல். நூல்கட்டு இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று தெரியாது, சென்னைக் குழலை வெயிலில் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கடைப் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. ஒரு குவியலில் நல்லது இரண்டு இருக்கத்தான் செய்யும். வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போய், இருபதை ஊதிப் பொறுக்க விடும் கடைக்காரரும் அமைந்தால், 450 ரூபாய்க்கே 1,300 ரூபாய்க் குழலின் சுருதி கிடைக்கலாம். எங்கள் ஆசிரியர் ஒரு மாணவிக்கு அப்படித்தான் வாங்கிக் கொடுத்தார், ஒன்றரை மணி நேரம் ஆனதாம். தனியாகப் போகிறவர் செய்பவரிடமே போங்கள். நேரில் முடியாவிட்டால், அனுப்பப்போகும் அதே குழலைச் சுருதிப்பெட்டியோடு ஊதி ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லுங்கள், அதை ஆசிரியரிடம் போட்டுக் காட்டுங்கள். பெங்களூரில் வாசிப்பதாகவும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பிவிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விரிசல் விட்ட குழலுக்கு நானே நூல் சுற்றினேன், அது இன்னும் காற்றைத்தான் துப்புகிறது. பரிஷேயில் வாங்கிய 120 ரூபாய்க் குழல் வருடா வருடம் கோகுலாஷ்டமிக்கு வெளியே வரும். எங்கள் அடுக்ககத்தில் மூன்று கிருஷ்ணர்கள் இருக்கிறார்கள், முறைவைத்துத்தான் இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள்.