பார்த்தீனியத்துக்கு மெக்சிகோ வண்டா, களைக்கொத்தா?

காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், பார்த்தீனியம் ஏறிவிட்டால் பண்ணையக்காரருக்கு இரண்டு வழி இருக்கிறது. அதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டைப் பிடித்து வந்து விடலாம். அல்லது பூக்கும் முன்பே ஆள் வைத்துப் பிடுங்கலாம். லிட்டருக்கு 200 கிராம் உப்புக் கரைத்துத் தெளிப்பது ரோட்டோரத்துக்குச் சரி. மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்து கருகும் என்பதால் அதை விட்டுவிடுவோம்.

கொரங்காட்டுக்குப் பிடுங்குவதைத்தான் சொல்வேன். கூலி பார்த்தால் வண்டுதான் மலிவு. ஆனாலும், வெளிநாட்டுப் பூச்சியை விடும் முன் முதலில் கேட்க வேண்டியது ஒன்று: அந்தக் களையின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடிகள் பக்கத்தில் இருக்கின்றனவா?

சப்பாத்திக்கள்ளியைப் பாருங்கள். தென்னாட்டில் காடுகாடாக அடைத்து நின்ற அதை, 1926-ல் இலங்கை வழியாக வந்த கொச்சினியல் பூச்சி அடக்கியது. இன்றும் வேலியோரக் கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் நகத்தால் நசுக்கிப் பாருங்கள், ரத்தம் போலச் சிவப்புக் கறை படியும். அந்தப் பூச்சியால் நம் பயிருக்குத் தொல்லை வராததற்குக் காரணம், அந்தக் குடும்பத்தில் நம் நாட்டுச் செடியே இல்லாததுதான். சதுரக்கள்ளிக்கும் திருகுகள்ளிக்கும் பெயரில்தான் கள்ளி, குடும்பம் வேறு.

அதே கள்ளிக்கு ஆஸ்திரேலியாவில் 1920-களில் விட்ட காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சி அங்கே பெரிய வெற்றி. அதை 1957-ல் கரீபியன் தீவுகளில் விட்டார்கள். 1989-ல் அது புளோரிடாவில் தென்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கென்று சொந்தக் கள்ளி கிடையாது, புளோரிடாவுக்கு உண்டு. இன்று அந்தப் பூச்சி அவற்றைத்தான் குடைகிறது. கடல் தாண்டிப் போனதைத் திரும்பக் கூப்பிட வழியில்லை.

பார்த்தீனியம் சூரியகாந்திக் குடும்பம். மெக்சிகோ வண்டை 1983-ல் பெங்களூருக்குக் கொண்டுவந்து, சோதித்துவிட்டு, அடுத்த ஆண்டு விட்டார்கள். சில ஆண்டுகளில் சூரியகாந்தி இலையிலும் வண்டு மேய்வது தெரிந்து பெரும் சர்ச்சையானது. மத்திய அரசு குழு போட்டு விசாரித்தது. பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்ததுதான் வண்டை இழுத்தது என்று விளக்கம் சொன்னார்கள். வண்டு கடித்தது, ஆனால் அந்தப் பயிரில் பெருகவில்லை.

கடிப்பதும் பெருகுவதும் வேறு வேறு. சூரியகாந்தி போட்டிருப்பவர்கள் வரப்போர வரிசைகளில் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் பழுப்புக் கோடு போட்ட வளர்ந்த வண்டு மட்டும் இருந்தால், பார்த்தீனியத்தை மொட்டையடித்துவிட்டுப் பசியில் வந்தவை. முட்டையும் புழுவும் சேர்ந்து இருந்தால் வேளாண்மை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

வண்டுக்கு இன்னொரு குறை. வறட்சியில் அது மண்ணுக்குள் இறங்கித் தூங்கும், மழை விழுந்தால்தான் மேலே வரும். வந்து, முட்டையிட்டு, புழு பெருகுவதற்குள் அதே மழையில் முளைத்த செடி ஐந்தாறு வாரத்தில் பூத்துவிடும். மழை விட்டுவிட்டுப் பெய்யும் நம் பக்கத்தில் இந்த ஓட்டத்தில் செடிதான் முந்தும்.

பிடுங்குவதானால் மழை பெய்த இரண்டாம் மூன்றாம் நாள், மண் ஈரமாக இருக்கும்போது இறங்குங்கள். இலை தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும் பருவத்தில் ஆணிவேர் முழுசாக வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்து முறிந்து, அடியிலிருந்து மறுபடி தழையும். அரிவாளால் அறுத்தாலும் அப்படித்தான். அந்த இடங்களில் களைக்கொத்தை வேருக்குக் கீழே விட்டு நெம்ப வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். தோலில் அரிப்பும் சிலருக்கு இரைப்பும் வரும். இருபது நாளுக்கு ஒருமுறை என்று மூன்று சுற்றாவது வேண்டும், ஒவ்வொரு மழைக்கும் புது முளைப்பு வரும். பூ வைத்துவிட்டால் எருக்குழியில் போடாதீர்கள், சாக்கில் கட்டி எரித்துவிடுங்கள். ஒரே செடி 10,000 விதைக்கு மேல் உதிர்க்கும்.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் அடுத்த மழைக்கு அதுவே திரும்ப ஏறும். வெற்றுத்தரையில் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, புல் பிடிக்கும்வரை அந்தக் கட்டத்துக்குள் மாடும் செம்மறியும் போகாமல் கிளுவை வேலிப் படலை அடைத்து வையுங்கள்.

சூரியகாந்தி இல்லாத ஊர்ப் புறம்போக்கு, ரயில் பாதை ஓரம் என்றால் என் தீர்ப்பு வேறு. ஆள் இறங்காத அந்த இடங்களில், மழைக்காலத்தில், ஏற்கெனவே வண்டு மேயும் இடத்திலிருந்து சேகரித்து ஹெக்டேருக்கு 500 முதல் 1,000 வரை விடலாம். உயிரோடு இருக்கும் வண்டுக்கு மேல் மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள்.