இரவில் சென்சார், பகலில் குழாய்: டெல்டா வெயிலில் தானியங்கி இன்சுலின் பம்ப்

தோலில் ஒட்டிய சென்சார் தரும் சர்க்கரை எண்ணைப் பார்த்துத்தான், குழாய் வழியே உடலுக்குள் இன்சுலின் செலுத்தும் பம்ப் அதைக் கூட்டுகிறது, குறைக்கிறது, நிறுத்துகிறது. எண் தவறினால் மருந்தும் தவறும். நீண்ட நாள் உபயோகத்தில் கண்டது இது: நள்ளிரவில் அலாரம் அடித்தால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள், பகலில் இறங்காத சர்க்கரைக்குக் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. சாப்பிட்டபின் 5 முதல் 10 நிமிடம் பின்தங்கியே காட்டும். முதல் நாள் எண் தடுமாறும். கையில் ஒட்டி அந்தப் பக்கமே சரிந்து படுத்தால், 110 இருந்தது திடீரென 55 ஆகிவிடும், அழுத்தம்தான் காரணம். புரண்டு படுத்து விரலில் குத்திப் பாருங்கள். நடுக்கமோ வியர்வையோ இருந்தால் காத்திராமல் சர்க்கரை சாப்பிடுங்கள். பொய்த் தாழ்வை நம்பி பம்ப் இன்சுலினை நிறுத்தியிருந்தால் விடிகாலையில் 200-ஐத் தாண்டும். சில சென்சார்கள் பாரசிட்டமால் போட்டால் உண்மையைவிட உயர்த்திக் காட்டும். காய்ச்சல் நாட்களில் இது ஆபத்து, பம்ப் தேவையில்லாமல் இன்சுலின் ஏற்றிவிடும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று புதுச் சென்சார் ஒட்டாதீர்கள், பிடிக்காது.

இனி குழாய். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு இன்சுலினை நிரப்பினால் சூடேறும்போது காற்றுக்குமிழி கிளம்பும். அரை மணி வெளியில் வைத்து நிரப்புங்கள். சித்திரையில் மூன்று நாளுக்கு மேல் நிரப்பவும் வேண்டாம், உடலோடு இருக்கும் பம்பில் மருந்து சூடாகும். கரண்ட் போனால், மீதி இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க, ஈரமணல் வைத்த இரட்டை மண்பானை தஞ்சாவூர்ப் பக்கத்து வறண்ட வெயிலில் உதவும். நாகப்பட்டினத்துக் கடற்கரைப் புழுக்கத்தில் ஆவியாதல் குறைவு, அவ்வளவாகக் குளிராது.

250-க்கு மேல் போய், பம்ப் பலமுறை திருத்தம் கொடுத்தும் அசையவில்லையா? ஒட்டுப்பட்டையை முகர்ந்து பாருங்கள். டெட்டால் போன்ற வாடை வந்தால் மருந்து கசிகிறது. கழற்றிப் பார்த்தால் கேனுலா (தோலுக்குள் போகும் மெல்லிய குழாய்) மடங்கியும் இருக்கலாம். பம்பில் உள்ளது வேகமாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே. சில மணி நேரத் தடைக்கே, இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோன் ஏறிவிடும். கீட்டோன் பாருங்கள், திருத்த அளவை இன்சுலின் பேனாவால் போடுங்கள், செட்டை (குழாயும் கேனுலாவும் சேர்ந்தது) மாற்றுங்கள். பேனா ஊசி பம்புக்குத் தெரியாது, அதற்கு மேலும் இன்சுலின் ஏற்றிவிடலாம். தானியங்கி முறையை எத்தனை மணி நேரம் அணைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம், சின்ன ஊர் மருந்துக்கடையில் செட் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். பையில் இரண்டாவது செட் எப்போதும் இருக்கட்டும், கூடவே பேனாவும் சோதனை ஸ்ட்ரிப்பும்.