தேரிக்காட்டு வெயிலும் "தீர்ந்துபோச்சு" கடைகளும்

அமெரிக்காவில், டாலஸில் டிக்கெட் போடும்போதே என் மனைவி கேட்டாள்: "அக்னி நட்சத்திரத்துல தேரிக்காட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறோம்?" நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுகிற நேரம் அது. டிசம்பரில் போகலாம் என்றால் இரண்டு வாரம்கூட முழுசாகக் கிடைக்காது. ஆகவே மே 24ஆம் தேதி வந்து இறங்கினோம், ஜூன் 17ஆம் தேதி கிளம்பினோம்.

தேரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே, கடலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும். குதிரைமொழித் தேரி என்பது அதில் பெரியது. மணல் துகள் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. தமிழ்நாட்டின் பாலைவனம் என்று வீடியோ போடுகிறார்கள். பனையும் முந்திரியும் உடை மரமும் நிற்கிற இடத்தைப் பாலைவனம் என்றால் எங்கள் ஆச்சி அடிக்க வந்திருப்பாள். ஆனால் மே மாதம் பகல் பதினோரு மணிக்குச் செருப்பில்லாமல் அங்கே நின்று பார்த்தால் அந்த வீடியோக்காரர்கள் மேல் கோபம் வராது.

ஆச்சி வீடு பூட்டிக் கிடக்கிறது. அடுப்பு எரிந்து ஆறு வருஷம் ஆகிறது. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் வளைகுடாவில். ஆகவே திருச்செந்தூரில் லாட்ஜ், சாப்பாடு முழுக்க வெளியே. கிட்டத்தட்ட எழுபது வேளை. ஊருக்குப் போய் எழுபது வேளை கடையில் சாப்பிட்டவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பை முதல் நாளே செய்தேன். போனில் வரைபடத்தைத் திறந்து, நாலரை நட்சத்திரம் இருந்த ஏ.சி. உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். மெயின் ரோடு, கண்ணாடிக் கதவு, பன்னிரண்டு பக்க மெனு. பிற்பகல் மூன்றரை மணி. எதைக் கேட்டாலும் "இருக்கு சார்" என்றார் பரிமாறுகிறவர். பிரியாணி இருக்கு. ஃப்ரைட் ரைஸ் இருக்கு. மீன் வறுவல் இருக்கு. ஆகா, என்ன சேவை என்று நினைத்தேன். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு என் மகன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். லாட்ஜ் பையன் ஓடிப் போய் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வந்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட், கரண்டி கரண்டியாக விடிய விடியக் கொடுத்தோம். அந்தக் கடைதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். விமானத்தில் தின்றதாகவும் இருக்கலாம்.

மறுநாள் கார் ஓட்டிய அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மூணரை மணிக்கு எல்லாம் இருக்குன்னா, அது காலையிலேயே இருந்திருக்கும் தம்பி."

அந்த ஒரு வரிதான் மிச்ச மூன்று வாரத்துக்கும் எங்களுக்கு வழிகாட்டி. யோசித்துப் பார்த்தால் சாதாரணக் கணக்கு. சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லை 5 டிகிரிக்குக் கீழே ஜில்லென்று இருக்க வேண்டும். நடுவில் உள்ளதெல்லாம் கிருமிக்குக் கொண்டாட்டம். ஏ.சி. நமக்குத்தான், சமையலறைக்கு இல்லை. அப்புறம் அந்த நட்சத்திரங்கள். கோயிலுக்கு வந்துபோகிற ஊர் இது. ஐயப்ப சீசனில் வந்தவரும் தைப்பூசத்துக்கு வந்தவரும் போட்டுவிட்டுப் போனதை எடுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் குளிர்மாதங்களில் போட்டவை. மார்கழியில் போட்ட நட்சத்திரம் வைகாசியில் செல்லுமா?

அன்றிலிருந்து நான் கடைக்குள் நுழைந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன இல்லை?" பட்டென்று நாலு பதில் வந்தால் உட்கார்ந்தோம். எல்லாம் இருக்கு என்றால் தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மனைவிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் அவளே கேட்க ஆரம்பித்தாள்.

காலைச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது இட்லியே இல்லை, சட்னி. இந்த வெயிலுக்குத் தேங்காய்ச் சட்னி ஒன்பதரை, பத்துக்கெல்லாம் முகம் மாறிவிடும். சந்துக்குள் ஒரு அக்கா வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக் கடை போட்டிருந்தார். பலகை இல்லை, மெனு இல்லை. துணி விரித்து வேகவைத்த இட்லி, ஆவி பறக்கும். கையகல மிக்சி ஜாரில் கொஞ்சமாக அரைப்பார், தீர்ந்ததும் மறுபடி அரைப்பார். நடுவில் ஒருவர் சட்னி கேட்டு இரண்டு நிமிஷம் காத்திருந்தால் அக்காவுக்குக் கவலையே இல்லை. ஒரு நாள் நாங்கள் ஒன்பதேகாலுக்குப் போனோம். "சட்னி முடிஞ்சு தம்பி. பொடியும் எண்ணெயும் இருக்கு, சாப்பிடுதியளா?" என்றார். ஒரு மூடி தேங்காய் அவர் பக்கத்திலேயே கிடந்தது. அரைத்திருக்கலாம். இனிமேல் அரைத்தால் மிஞ்சும், மிஞ்சியதை யார் தலையில் கட்டுவது என்று அவருக்கே ஒரு கணக்கு.

பதநீர் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உடன்குடிப் பக்கம் சாலையோரம் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி இறக்குவது பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், கள் இங்கே தடை. பெரியவர் ஒருவர் குருத்தோலையைக் கையில் வாங்கி, நடுவில் மடக்கி, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சு. ஓலை தொட்டி மாதிரி ஆகிவிட்டது. அதுதான் பட்டை. அதில் பதநீரை வடிகட்டி ஊற்றி, நுங்கைத் தோண்டிப் போட்டு நீட்டினார். இரண்டு கையாலும் ஏந்தி ஓர் ஓரத்தில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். என் மகள் முதல் பட்டையில் பாதியைச் சட்டைக்குக் கொடுத்தாள். இனிப்பு, அதன் அடியில் ஓலை வாசம், அதற்கும் அடியில் லேசாகச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு கூடிவிட்டால் நாக்கில் மாவு மாதிரி ஒட்டும், அது நல்ல பதநீர் இல்லை. எட்டரைக்கு மேல் ஒரு நாள் போய் நின்றோம். "இன்னைக்குத் தீந்துட்டு, நாளைக்கு வாங்க" என்றார். கொஞ்சம் தள்ளி இன்னொருவர் பிளாஸ்டிக் குடத்தோடு பத்து மணிக்கும் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் நிற்கவில்லை. மிச்சப் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி, உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆகவே நல்ல பனையேறி எவரும் புளித்ததை நம் தலையில் கட்ட வேண்டிய அவசியமில்லை.

நுங்கில் ஒரு எச்சரிக்கை. வெட்டி வைத்ததை வாங்காதீர்கள், கண் முன்னால் சீவச் சொல்லுங்கள். முற்றியது கடுக்காய் என்று பெயர் வாங்கும், அதைத் தின்றால் வயிறு வலிக்கும் என்று சின்ன வயதில் பயமுறுத்துவார்கள். கட்டைவிரலால் தோண்டினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

மதியம்தான் கஷ்டம். நல்ல மெஸ்களில் பன்னிரண்டு மணிக்கு முதல் உலை வடித்து இறக்குவார்கள். பன்னிரண்டேகாலுக்குப் போய் உட்கார்ந்தால் சோறு சுடும், ரசம் சுடும், பொரியல் வாணலியிலிருந்து வரும். இரண்டு மணிக்குப் போனால் கரண்டி அடியைத் தட்டும் சத்தம் கேட்கும். அமெரிக்கப் பழக்கத்தில் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை எந்த நேரமும் தள்ளிப்போடுவார்கள், அதை முதல் வாரத்திலேயே நிறுத்தினோம். கோயில் பக்கம் இருக்கும் நாளில் அன்னதானக் கூடம் உண்டு, நாள் முழுக்க நடக்கிறது. பந்தி பந்தியாகப் போவதால் எதுவும் ஆறி நிற்க வழியில்லை. இரண்டு முறை அங்கே சாப்பிட்டோம். வைகாசி விசாகத்தன்று மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை, கூட்டத்தில் பிள்ளைகளைத் தொலைத்துவிடுவோம்.

சரி, மீன். கடற்கரை ஊருக்கு வந்துவிட்டு மீன் தின்னாமல் போவதா என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவருகிற சாளையும் நகரையும் ஊளியும்தான், அதுவும் விடிந்து இரண்டு மணி நேரத்தில் சந்தையில் காலி. அப்படியிருக்க ஊர் முழுக்கக் கடைகளில் "சீலா வறுவல் ரெடி" என்று பலகை. மற்ற ஊர்களில் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா என்பார்கள். எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று நானாகக் கேட்டால்தான் உண்டு. ஐஸ் மீன் தப்பில்லை, டாலஸில் வருஷம் முழுக்க அதைத்தான் தின்கிறேன். அதை "இப்பத்தான் வந்தது சார்" என்று சொல்லி விற்பதுதான் பிடிக்கவில்லை.

ஜூன் முதல் வாரத்தில், அண்ணாச்சி காட்டிய ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்தோம். ஓட்டுக் கூரை, ஆறு மேசை, கல்லாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "மீன் இல்ல தம்பி. ஐஸ் மீன் கிடக்கு, ஆனா பிள்ளையளுக்குக் குடுக்காதீங்க. தடை முடிஞ்சு வாங்க" என்றார். முட்டை வைத்துக் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வந்தது. மிக நன்றாக இருந்தது. கிளம்பும்போது "பதினாறாம் தேதி வாறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மறுநாளே டாலஸுக்குக் கிளம்ப வேண்டும், ஆனாலும் சொன்னேன்.

இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் எதுவும் தின்னவில்லை. அறையில் மோரும் வெள்ளரியும்தான். வெளியே போனவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

பொழுது சாய்ந்தால் பரோட்டாக் கடை. வயிற்றுக்குப் பயந்தவர்கள் முதலில் ஒதுக்குவது இதைத்தான், என் அனுபவம் நேர் எதிர். கல் சிவக்கக் காய்கிறது, மாவு அதில் விழுகிறது, அடுப்பில் சால்னா தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கிறது, கல்லிலிருந்து இலைக்கு வர அரை நிமிஷம். பொரித்த பரோட்டாவைக் கையால் நொறுக்கிச் சால்னாவில் ஊறவைத்துத் தின்கிற வித்தையை என் மகன் இரண்டாம் நாளே கற்றுக்கொண்டான். ஒரே தொல்லை மேற்கிலிருந்து வருகிற காற்று. ஜூனில் அது கிளம்பிவிட்டால் தேரி மணலே இடம் மாறும், உங்கள் இலை எம்மாத்திரம். சுவர் ஓரமாக, காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். வெங்காயமும் தயிர்ப் பச்சடியும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவைதான் சாயங்காலத்திலிருந்து வெளியே இருப்பவை.

பணம் கொடுப்பது பற்றி: கார்டு லாட்ஜில் மட்டும்தான் ஓடியது. இட்லி அக்கா வரைக்கும் யு.பி.ஐ. ஸ்டிக்கர் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் இந்திய வங்கியில் வைக்கிற என்.ஆர்.ஓ. கணக்கில் அமெரிக்க போன் எண்ணை வைத்தே இணைத்துக்கொள்ள இப்போது வழி உண்டு, கிளம்பும் முன்பே செய்துவிட்டு வாருங்கள், இங்கே வந்து ஓ.டி.பி.க்குக் காத்திருக்காதீர்கள். பனையேறிக்கு மட்டும் சில்லறை வேண்டும். கை கழுவுமிடம் பரவாயில்லை, கழிவறை இன்னும் பரிதாபம்தான்.

ஜூன் 16. காலையில் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. கருப்பட்டியை மூன்று உறை போட்டுச் சுற்றினோம், எறும்பு முந்திக்கொள்ளும். புளிமிளகாய் பாட்டிலுக்கு மூடி சேரவில்லை. ஆச்சி வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று போனில் ஒரு மணி நேரம் போனது. மகளுக்கு ஒற்றைச் செருப்பைக் காணோம். அண்ணாச்சி வாசலில் மூன்று முறை ஹாரன் அடித்தார். மெஸ் வாசலில் இறங்கும்போது மணி இரண்டேகால். உள்ளே எல்லா மேசையிலும் முள் குவிந்த இலைகள். சீலாவும் விளைமீனும் வறுத்த வாசம் கூரை வரைக்கும் நின்றது.

அக்கா என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "இவ்வளவு நேரம் கழிச்சா வருவீங்க தம்பி? ஒரு துண்டு கிடையாது, எல்லாம் தீந்துட்டு."

மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

"சட்டியில குழம்பு மட்டும் கொஞ்சம் கிடக்கு," என்றார் அக்கா. "ஊத்தட்டுமா?"