"ஸ்போர்ட்ஸ் கார்னா ஐடிலிங் இப்படித்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பார்க்கிறவர்களும், வாங்கிவிட்டு ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) வரும் இன்ஜின் நடுக்கத்துக்காக ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என்னிடம் இரண்டு பேர் அடுத்தடுத்துக் காசு பார்த்தார்கள். ஒருவர் காரை விற்ற வியாபாரி. அடுத்தவர் சரிசெய்து தருகிறேன் என்று வண்டியை வாங்கி வைத்துக்கொண்ட ஒர்க்‌ஷாப்காரர். பெயர்களை இங்கே போடவில்லை. என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால், இதையே வேறு யார் செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

இரண்டு சீட், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். பார்க்கப் போன அன்று வியாபாரியே ஸ்டார்ட் செய்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருந்தார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய வலது கால் ஆக்ஸிலரேட்டர் மேல் லேசாக ஊன்றியிருந்தது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது (ஆர்பிஎம்) என்று காட்டும் முள் 1,100-ல் நின்றது. காலை எடுங்கள் என்றேன். எடுத்ததும் முள் இறங்கி 600-க்கும் 800-க்கும் நடுவே தள்ளாடியது. ஸ்டியரிங்கும் உள்ளே இருந்த கண்ணாடியும் சேர்ந்து ஆடின. "ஸ்போர்ட்ஸ் கார் சார், இதோட கேம் அப்படி. ஐடிலிங் இப்படித்தான் இருக்கும்" என்றார். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. இன்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதிக் கேட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கேம் கதையில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட். வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும்படி செய்த கேம்ஷாஃப்ட் போட்டால், இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் கட்டம் நீளும். எரிந்த வாயு புதுக் கலவையோடு கலக்கும், ஐடிலிங் கரடுமுரடாகும். ஆனால் அது பந்தயத்துக்காகக் கேம் மாற்றிய இன்ஜினுக்கு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற இன்ஜின், நன்றாகச் சூடேறியபின் மேனுவலில் போட்டிருக்கும் ஆர்பிஎம்மில் நிலையாக நிற்க வேண்டும். நான் வாங்கிய வண்டியில் கேம் மாற்றப்படவே இல்லை.

வாங்கிய சில நாளிலேயே விளக்கு எரிந்தது. நண்பர் ஒருவர் ஸ்கேனர் கொண்டுவந்து செருகினார். பி0171, பி0300 என்று இரண்டு கோடு (காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்). முதலாவது, கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்பது. இரண்டாவது, ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது கலவை சரியாக எரியாமல் போகிறது என்பது. அதே ஸ்கேனரில் கோடுகளை அழித்தபின் வண்டி ஓடிய தூரம் என்று ஒரு வரி வரும். அதை ஓடோமீட்டரில் கழித்துப் பார்த்தால், வண்டி என் கைக்கு வந்த அதே கிலோமீட்டர். அதாவது, விளக்கை அணைத்துவிட்டு விற்றிருக்கிறார். கேட்டதற்கு "பேட்டரி மாத்தினோம் சார், அதுல போயிருக்கும்" என்றார். வண்டியிலிருந்த பேட்டரி பழசு, டெர்மினலில் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது.

வாங்கும் முன்பே இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கோடுகளை அழிக்கும்போது ரெடினஸ் மானிட்டர்களும் சேர்ந்து அழியும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார், டேங்க் ஆவி அமைப்பு ஒவ்வொன்றையும் கார் தானே சோதித்து முடித்ததா என்று காட்டுகிற கணக்கு அது. பலவிதமாக ஓட்டியபிறகுதான் மறுபடி நிரம்பும். ஸ்கேனரில் முக்கால்வாசி 'முடியவில்லை' என்று வந்தால், விளக்கு எரியாததற்கு அங்கே மதிப்பே இல்லை.

சரி, ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்காதது இங்கேதான்.

அவர் போனட்டைத் திறந்தார், கோடைப் பார்த்தார், "காயில் போயிடுச்சு" என்றார். பிளக்குகளுக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தருகிற நாலு இக்னிஷன் காயிலும் மாற்றினார். நடுக்கம் போகவில்லை. அடுத்து ஸ்பார்க் பிளக். அப்புறம் இன்ஜினுக்குப் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அப்புறம் காற்று அளக்கிற ஏர் ஃப்ளோ சென்சார். கடைசியில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர். ஒவ்வொரு முறையும் "இதுதான் சார், கண்டிப்பா" என்பார். எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டால், "அனுபவம்" என்பார். காயில் மேல் சந்தேகம் என்றால் அதைச் சோதிக்கக் காசே தேவையில்லை. ஒரே சிலிண்டரில் மிஸ்ஸிங் என்றால் அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோடும் கூடவே நகர்கிறதா என்று பார்ப்பார்கள். நகர்ந்தால் காயில். நகராவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடுவார்கள். என் வண்டியிலோ எல்லாச் சிலிண்டரிலும் மாறி மாறி வந்தது, கூடவே காற்று அதிகம் என்ற கோடு வேறு. காயில் பக்கம் போகவே காரணமில்லை.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. இன்ஜின் சூடேறும்வரை காத்திருந்து, ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். ஐடிலிங்கில் ப்ளஸ் 24 சதவீதம். 2,500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் கொடுத்து அங்கேயே பிடித்தார். 4-க்கு இறங்கியது. "எங்கேயோ காத்து இழுக்குதுங்க" என்றார். விஷயம் இதுதான்: ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் பலமாக இருக்கும், உள்ளே போகிற காற்றும் குறைவு. அப்போது சென்சாருக்குத் தெரியாமல் ஒரு சின்ன ஓட்டை வழியாக நுழைகிற காற்றுகூடக் கணக்கைக் கவிழ்த்துவிடும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கும். ரேஸ் கொடுத்தால் மொத்தக் காற்று பெருகும், ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். மாறாக, வேகமும் சுமையும் ஏற ஏற எண் மோசமானால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் கார்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவற்றில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் ஐடிலிங் ஏறித்தான் நிற்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டு இன்டேக்குக்குள் புகையை ஏற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து, நூல் பிரிகிற மாதிரி மெல்லிசாகப் புகை கிளம்பியது. இன்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்விலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், வளைவில் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. ஆயில் ஆவியிலும் சூட்டிலும் ஊறி, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதை மாற்றியதும் முள் 750-ல் அசையாமல் நின்றது. ட்ரிம் 3-க்கு வந்தது.

அப்போதே பிளக்குகளையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். புதுசு போட்டதாகப் பில் இருக்கிறது. வெளியே வந்தவை பழையவை: வாஷர் தட்டையாக நசுங்கி, எலெக்ட்ரோடு முனை தேய்ந்து உருண்டை ஆகி, 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.4-ஐத் தாண்டியிருந்தது. நாலும் அப்படித்தான். வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, பக்கத்தில் பில்லையும் வைத்துப் படம் எடுத்தேன்.

உங்கள் வண்டி இப்போது யாரிடமாவது இதே கோளாறோடு நின்றால், ஐடிலிங்கிலும் 2,500-லும் ட்ரிம் எவ்வளவு என்று இன்றைக்கே கேளுங்கள். புகைச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அடுத்த பாகத்தின் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை உங்களிடம் தரச் சொல்லி முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஓட்டையைத் தேடுகிறேன் என்று ஓடுகிற இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், விடாதீர்கள். பெட்ரோல் நிரப்பியவுடன் மட்டும் நடுங்குகிறது என்றால் டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் ஓட்டவே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒர்க்‌ஷாப்காரருக்குப் படங்களோடு எழுதி அனுப்பினேன். "பையன் மாத்தி வச்சிட்டான் போல" என்று பதில் வந்தது, பிளக்குக்கான பணத்தை மட்டும் திருப்பித் தருகிறாராம். தேவையில்லாமல் மாற்றிய காயில், சென்சார், இன்ஜெக்டருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். வியாபாரிக்கு அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலும், ஸ்கேனர் திரையின் படமும் பதிவுத் தபாலில் போயிருக்கின்றன. இன்னும் பதில் வரவில்லை.