5 கிலோ தென்னைநார்த்தூள் கட்டி: பங்குனி வெயிலுக்கு முன் வாங்கலாமா?

பொங்கலுக்குக் காய்த்த அவரையும் கத்தரியும் ஓய்ந்து தொட்டிகள் காலியாவது மாசிக் கடைசியில். டெல்டா வீடுகளில் மண் மாற்ற அதைவிட நல்ல நேரம் கிடையாது. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் மூடினால் ஜூன் 12 வரை வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. செடிகளுக்கு போர் தண்ணீர்தான் கதி. அந்த நான்கரை மாதத்தைத் தொட்டிச் செடி தாங்குமா தாங்காதா என்பது இப்போது என்ன மண் கலவை போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் நர்சரிகளில் இந்த மாதங்களில் 5 கிலோ கோகோபீட், அதாவது தென்னைநார்த்தூள் கட்டி அடுக்கடுக்காக வந்து இறங்குகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் களிமண்ணில் தொட்டி வைப்பவர்களுக்கும் மாடித் தோட்டக்காரர்களுக்கும் இது கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பொருள். ஆனால் கழுவாமல் போட்டால் காசும் போகும், செடியும் போகும். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் கடலோரம் தவிர, கட்டியின் உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி, கழுவும் வேலை நம்முடையது என்று நினைத்தே வாங்க வேண்டும்.

களிமண் தொட்டியில் என்ன நடக்கிறது என்று ஒரு பங்குனி மத்தியானம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மண் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருக்கும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே ஓடி அடித்துளையில் வந்துவிடும். வந்துவிட்டதே என்று நாமும் குவளையை வைத்துவிடுவோம். வேர் இருக்கும் நடு மண் நனைந்தே இருக்காது. நார்த்தூள் கலந்த மண் இப்படிச் சுருங்காது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்து வேருக்கு மெல்ல மெல்ல விடும்.

மாடிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள க்ரோ பேக் ஒன்று ஏறத்தாழ 21 லிட்டர் பிடிக்கும். அதில் வெறும் களிமண்ணை நிரப்பி நனைத்தால் 35 கிலோவைத் தொடும். மண், நார்த்தூள், மட்கிய தொழு உரம் மூன்றும் சமபங்கு போட்டால் 20 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். இருபது பை வைத்தால் தளத்துக்கு 300 கிலோ மிச்சம். பழைய வீடுகளில் இது சின்ன விஷயமில்லை.

கட்டி வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர் பொன்னிறமாக இருந்தால் மட்டையிலிருந்து பிரித்துச் சில வாரமே ஆன புதுத்தூள். உப்பும் துவர்ப்பும் நிறைய இருக்கும். காய்ச்சிய வெல்ல நிறத்துக்கு வந்திருந்தால் சில மாதம் வெளியில் கிடந்து பக்குவப்பட்டது. அடுத்து நார். ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தால் தூளோடு குட்டை நார் கொஞ்சம் இருப்பது நல்லது, காற்றோட்டம் தரும். நாரே பாதி என்றால் தண்ணீர் நிற்காது. முழுக்க மாவாக இருந்தால் நனைந்ததும் சேறு மாதிரி அடைந்து வேருக்கு மூச்சு முட்டும். மணல் கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் போதும். தூள் மிதக்கும், மணல் அடியில் படியும்.

உறையில் ‘லோ ஈசி’, ‘ஹை ஈசி’ என்று எழுதியிருக்கும். ஈசி என்பது உப்பின் அளவு. 0.5 மில்லி சீமன்ஸுக்குக் கீழே என்றால் கழுவிய தூள். 1-க்கு மேலே போனால் கழுவாதது. விலை வித்தியாசம் இருக்கும். வீட்டில் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால் ‘ஹை ஈசி’யை வாங்கி நாமே கழுவிக்கொள்வதில் நட்டமில்லை. விலையை ஒப்பிடும்போது கிலோவைப் பார்க்காமல் லிட்டரைப் பார்க்க வேண்டும். 5 கிலோ கட்டி ஊறினால் 60 முதல் 75 லிட்டர் தூள் வரும். 650 கிராம் செங்கல் கட்டி 8, 9 லிட்டர்தான். ஆக, எட்டு செங்கல் சேர்ந்தால்தான் ஒரு பெரிய கட்டி. சின்னக் கட்டி விலையை எட்டால் பெருக்கிப் பார்த்தால் எது மலிவு என்று உடனே தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் கூரியர் செலவு விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரமே தென்னை வட்டாரம். 2018 நவம்பரில் கஜா புயல் அத்தனை மரத்தைச் சாய்த்த பிறகும் அங்கே கயிறு மில்களுக்குக் குறைவில்லை. அருகில் இருப்பவர்கள் நேரே போய் வாங்குவதே புத்திசாலித்தனம்.

மில்லில் கட்டியாக்காத தூளும் சாக்குக் கணக்கில் கிடைக்கும். மாசியில் எடுத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை அதன் உப்பில் பெரும்பகுதியை இறக்கியிருக்கும். ஆனால் குவியலின் மேல் ஒன்றரை அடிக்குத்தான் அந்தக் கதை. நடுவில் மழையே இறங்கியிருக்காது. மேலாக வாரிப் போடச் சொல்லி வாங்குங்கள்.

இனி ஊறவைப்பது. கட்டியை அப்படியே பக்கெட்டில் போடுபவர்கள்தான் அதிகம். ஊறி விரிந்து பக்கெட் சுவரில் இறுகிக்கொள்ளும். நடுவில் காய்ந்த உருண்டை மிஞ்சும். கட்டியை ஓரத்தில் நிமிர்த்தி வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் அட்டை அட்டையாகப் பிரியும். அகலமான டப்பிலோ தார்ப்பாயைக் குழிவாக விரித்தோ போட்டு 20 முதல் 25 லிட்டர் தண்ணீரை மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். வெந்நீர் தேவையில்லை, பங்குனி போர் தண்ணீரே இளஞ்சூடாகத்தான் வரும். அரை மணியில் உதிரும். ஒரு மணி நேரம் விட்டால் உள்கட்டி இல்லாமல் முழுதாக ஊறும்.

கழுவுவதற்கு எளிய கருவி வெங்காய மூட்டை வலை. உள்ளே பழைய பருத்தி வேட்டியைப் போட்டு, ஊறிய தூளைப் பாதியளவு நிரப்பி, கட்டித் தொங்கவிட்டு மேலிருந்து தண்ணீர் ஊற்றலாம். முதல் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இறங்கும். நிறம் மங்கினால் உப்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறம் வேறு, உப்பு வேறு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் சந்தேகமே இல்லை. முதலில் ஊற்றப்போகும் தண்ணீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூட்டையிலிருந்து சொட்டும் தண்ணீரை அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 200, 300-க்குள் வந்தால் நிறுத்தலாம். பெரும்பாலும் மூன்று அலசல் ஆகும். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தென்னை மரத்துப் பாத்தியில் ஊற்றுங்கள். அதில் இறங்கியிருப்பது முக்கியமாகப் பொட்டாசியம், சோடியம், குளோரைடு. தென்னை அவற்றைத் தாங்கும். பொட்டாசியத்தையும் குளோரைடையும் விரும்பியே எடுத்துக்கொள்ளும். ரோஜா, மல்லிகைப் பக்கம் மட்டும் போகவே கூடாது.

வேதாரண்யம், தலைஞாயிறு, நாகப்பட்டினக் கடலோரத்தில் இருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். போர் தண்ணீரே டிடிஎஸ் மீட்டரில் 1500 காட்டினால் எத்தனை முறை அலசினாலும் தூள் 1500-க்குக் கீழே இறங்காது. அங்கே கழுவிய ‘லோ ஈசி’ கட்டியைக் கொஞ்சம் கூட விலை கொடுத்தாவது வாங்குவதே லாபம். ஊறவைக்க மட்டும் குடிதண்ணீர் 25 லிட்டர் ஒதுக்கினால் போதும்.

உப்போடு போட்டுவிட்டால் எப்படித் தெரியும்? இலை விளிம்பு பழுப்பாகக் கருகும். நாற்று நான்கு இலையில் அப்படியே நின்றுவிடும். பையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். அவரையும் மிளகாயும் முதலில் காட்டிக்கொடுக்கும். இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டால் உப்புக்கு மேல் உப்பு சேரும். பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வெளியேற்றுவதுதான் மருந்து.

தண்ணீரில் போகாத ஒரு பங்கும் உண்டு. சோடியமும் பொட்டாசியமும் தூளின் மேல் ஒட்டியிருக்கும். பிறகு நாம் தரும் சுண்ணாம்புச் சத்தைத் தூள் தன்னிடம் இழுத்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் போய்ச் சேராது. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி ஆகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். தக்காளி, மிளகாய்க்கு நார்த்தூள் போடுபவர்கள் கழுவிய பிறகு 25 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் வடித்து ஒருமுறை அலசிவிடலாம். அதே கரைசலில் எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) சேர்க்காதீர்கள். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து அடியில் மாவாகப் படியக்கூடும். கீரைக்கு மட்டும் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

கலவைக்கு வருவோம். நார்த்தூளை மட்டும் நிரப்பிச் செடி வைப்பது தவறு. அதில் செடிக்கு உணவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1 அளவில் இருக்கும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கி மட்க வைத்தால் 24-க்கு 1 அளவுக்கு வரும். மட்காத தூளை அதிகம் போட்டால் நுண்ணுயிர்கள் இருக்கிற தழைச்சத்தையும் தாங்களே எடுத்துக்கொண்டு, அடி இலைகளை மஞ்சளாக்கிவிடும். களிமண் ஒரு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு, மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் செம்மண் என்றால் மண்ணை இரண்டு பங்காக்கலாம். களிமண்ணை ஈரத்திலும் கலக்கக் கூடாது, கல்லாகக் காய்ந்த பிறகும் கலக்கக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உடைகிற பதத்தில் உடைத்துச் சலிக்க வேண்டும். நார்த்தூளின் பதம் வேறு: உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

பைக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு சேர்த்து, நிழலில் குவித்து ஈரச்சாக்கு போட்டு மூடி, நடுவில் ஒருமுறை கிளறி, பத்து நாள் விடுங்கள். பிண்ணாக்கு மட்கும்போது சூடு வரும். அந்தச் சூடு அடங்குவதற்குள் நட்டால் இளவேர் வெந்துவிடும். ஒரு கட்டியிலிருந்து இந்தக் கணக்கில் ஒன்பது, பத்துப் பைக்குக் கலவை தேறும். சித்திரைப் பட்டத்து வெண்டை, கொத்தவரை, கத்தரிக்கு இது தாராளம்.

நாற்றுக்கு விதைக்கத்தான் நார்த்தூள் உண்மையிலேயே ஜெயிக்கிறது. 98 குழித் தட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ தூள் பிடிக்கும். இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம். கத்தரி, மிளகாய் நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறாமல் குழியின் வடிவத்திலேயே முழுதாக வந்துவிடும். களிமண் நாற்றங்காலில் இது நடக்காது.

தண்ணீர் விடும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாவிட்டால் இவ்வளவும் வீண். நார்த்தூள் கலவையின் மேல் அரை அங்குலம் மத்தியானத்துக்குள் வெளுத்துக் காய்ந்துவிடும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி ஊற்றினால் அடி எப்போதும் சொதசொத என்று இருக்கும். வேர் அழுகும், மேலே பாசி படரும், கறுப்புக் குட்டி ஈக்கள் மொய்க்கும். இரண்டு விரற்கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டுமே ஊற்றுங்கள்.

மூடாக்குப் போட இதை வாங்குவது மட்டும் வேண்டாத செலவு. சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கிடக்கிறது. தரிசு உளுந்து அடித்தால் பொட்டும் கிடைக்கும். இரண்டு அங்குலம் பரப்பினால் அதே வேலையைச் செய்யும். மல்லிகையும் ரோஜாவும் தரையில் நிற்கும் வீடுகளுக்கும், செம்மண் கொல்லை உள்ளவர்களுக்கும் கட்டி தேவையில்லை. தொழு உரமும் வைக்கோலும் போதும்.

ஒருமுறை போட்ட தூள் சீக்கிரம் மட்கிப் போகாது. இரண்டு, மூன்று பட்டம் தாங்கும். அடுத்த மாசியில் வேரைச் சலித்து எடுத்து, ஒரு அலசல் அலசி, நான்கில் ஒரு பங்கு புது உரம் சேர்த்தால் போதும். நூற்புழு முடிச்சு விழுந்த செடியின் கலவையை மட்டும் மறுபடி தொட்டிக்குக் கொண்டுவராமல் தென்னம்பாத்தியில் கொட்டிவிடுங்கள். பாதிக் கட்டி மிஞ்சினால் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, தரையில் படாமல் இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். தரை ஈரம் ஏறினால் ஒரு பக்கம் மட்டும் ஊறிப் பூசணம் பிடித்துவிடும்.